பதினொரு மில்லிமீற்றர்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நான் வழுக்கி விழுந்தது 2023 பெப்ரவரியில். ஓய்வு பெற்று இரண்டு மாதங்கூட ஆகியிருக்கவில்லை. வேலணையில் என்னோடு கூடப் படிப்பித்த ரீச்சர் ஒருவர் நயினாதீவில் இருக்கிறார். அவர் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டு, பின்னேரம் வரை பழைய கதைகள் கதைத்துவிட்டுத் திரும்பினேன். அன்று கடலில் அலை கூட. படகு சீமெந்துச் சுவரோடு முட்டுவதும் விலகுவதுமாக நின்றது. முன்னால் இறங்கிய பொடியன் ஒருவன் கையை நீட்டினான். கையைப் பிடித்தேன். அபாயாவின் கரை காலில் சிக்கியது. வைத்த காலடியில் பாசி. பின்மண்டை படியில் அடிபட்டது.

மயக்கம் வரவில்லை. ஆனால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. யாரோ ஓட்டோ பிடித்தார்கள். புங்குடுதீவு, வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி, மண்டைதீவு என்று பண்ணைப் பாலம் வரை வந்த அந்த ஒரு மணி நேரமும் எனக்கு நினைவில் இருப்பது மண்கும்பான் மட்டுந்தான். எங்கள் உம்மம்மாவின் வீடு அங்கேதான் இருந்தது. வீதியோரத்து வெள்ளை மணலைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு, கழுத்தெலும்பு முறிந்திருந்தால் இனி எப்படி ருகூஉச் செய்வது, எப்படி சுஜூது செய்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

யாழ்ப்பாணத்தில் சீ.டீ. ஸ்கான் எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. "அல்ஹம்துலில்லாஹ், தசைப்பிடிப்புத்தான், இரண்டு கிழமையில் சரியாகும்" என்று சொல்லி அனுப்பினார்கள். சரியாகியும் விட்டது. அந்த விழுகையின் கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ஏனென்றால், ஸ்கான் அறிக்கையின் கடைசியில் ஒரு வரி இருந்தது. தைரொயிட் சுரப்பியின் வலது மடலில் 11 மில்லிமீற்றர் அளவில் ஒரு சிறு கட்டி தற்செயலாகத் தெரிகிறது, தேவைப்பட்டால் மேலும் பரிசோதிக்கவும் என்பது அதன் கருத்து. எலும்பைத் தேடிப் போன படம் வழியில் கண்டுகொண்ட ஒன்று. முப்பத்தொரு வருடம் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திய எனக்கு, கடைசி வரியை வாசிக்காமல் விடுகிற பழக்கம் இல்லை.

மகன் டொரொன்டோவில் இருக்கிறான். அறிக்கையைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினேன். அங்கே நடுச்சாமம். உடனே அழைப்பு வந்தது. "உம்மா, நாளைக்கே கொழும்புக்குப் போங்கோ. காசைப் பற்றி யோசிக்காதீங்கோ." புத்தளத்தில் இருந்து ராத்தா எடுத்தார். அவருடைய மெலிந்த, காற்றுப் போகிற குரலில், "என்ன தங்கச்சி யோசிக்கிறாய்? வெட்டி எடுத்துப் போடு. என்னைப் பார். ஆறு மில்லிமீற்றரில கண்டுபிடிச்சு அல்லாஹ் என்னைக் காப்பாத்தினான்" என்றார்.

ராத்தாவின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 2016இல் அவருடைய மகன் வெளிநாட்டில் இருந்து வந்து, உம்மாவுக்கு ஒரு அன்பளிப்பாக, கொழும்பில் தலை முதல் கால் வரை ஒரு முழுப் பரிசோதனை செய்வித்தார். ராத்தாவுக்கு அப்போது ஒரு நோயும் இல்லை. கழுத்தில் அல்ட்ரா சவுண்ட் பிடித்தபோது 6 மில்லிமீற்றரில் ஒரு கட்டி தெரிந்தது. ஊசி குத்திப் பார்த்ததில் பப்பிலரி வகைத் தைரொயிட் புற்றுநோய். முழுச் சுரப்பியையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ராத்தாவின் குரல் பழைய குரலாகத் திரும்பவில்லை. கை விரல்கள் விறைக்கும், அதற்குக் கல்சியம் குளிசை. வெறும் வயிற்றில் தைரொக்ஸின் குளிசை, அது ஆயுள் முழுவதற்கும். இரண்டையும் ஒன்றாக விழுங்கக்கூடாது, நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நோன்பு காலத்தில் ஸஹருக்கு முன் எப்போது எழும்பி எதை விழுங்குவது, நோன்பு திறந்த பின் எதை எப்போது விழுங்குவது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, போத்தலைக் கவிழ்த்துக் குளிசைகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்ததை நான் கண்ணால் கண்டேன்.

ராத்தாவின் குரலைப் பற்றி இன்னும் ஒன்று. 1990 ஒக்டோபர் 30இல் சோனகதெருவை விட்டு இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். நாங்கள் புத்தளத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். முகாமில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கப் போதிய குர்ஆன் பிரதிகள் இருக்கவில்லை. ராத்தா ஓதுவார். பிள்ளைகள் கேட்டுத் திருப்பி ஓதுவார்கள். தொண்டையில் பிறக்கும் ஆறு எழுத்துகளையும் அவர் உச்சரிக்கிற சுத்தத்தைக் கேட்க அடுத்த வரிசைக் கொட்டில்களில் இருந்து பெண்கள் வருவார்கள். நான் ஓதிக் கொடுக்கப் பழகியது ராத்தாவைப் பார்த்துத்தான். இன்றைக்கு அவரால் ஒரு நீண்ட ஆயத்தை ஒரே மூச்சில் ஓதி முடிக்க இயலாது. அவர் அதை ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. "உயிர் இருக்குதே" என்பார்.

எனக்கும் பின்னேரங்களில் பிள்ளைகள் வருகிறார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் பதினைந்து பிள்ளைகள் வரையில். 2010இல் யாழ்ப்பாணம் திரும்பியதில் இருந்து அந்த வேலையை நான் விடவில்லை. பாடசாலை முடிந்து வேலணையில் இருந்து பஸ்ஸில் வந்து, அஸர் தொழுதுவிட்டு உட்காருவேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மிச்சமிருந்தது அந்தக் குரல் வேலை ஒன்றுதான்.

மகனின் பிடிவாதத்தில் கொழும்புக்குப் போனேன். ஒரு தனியார் நிலையத்தில் அல்ட்ரா சவுண்ட் எடுத்தார்கள். பிறகு மெல்லிய ஊசியைக் குத்திக் கலங்களை எடுத்தார்கள். முதல் முறை போதிய கலங்கள் வரவில்லை என்று அறிக்கை வந்தது. இரண்டாம் முறை குத்தினார்கள். புற்று என்றும் சொல்ல முடியாது, புற்றில்லை என்றும் சொல்ல முடியாது என்று வந்தது. ஆறு பெட்டிகளாக அந்த முடிவுகளைப் பிரித்து வைத்திருக்கிறார்களாம். என்னுடையது மூன்றாவது பெட்டி. சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர், பாதிச் சுரப்பியை எடுத்துப் பார்த்துவிடுவதே நிம்மதி என்றார். திகதியும் குறித்துத் தந்தார். அவர் சொன்னதில் பிழை இருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பும் ரெயிலில் நான் ராத்தாவின் குரலை யோசித்துக்கொண்டிருந்தேன். இரவு நித்திரை வரவில்லை. கையை எடுத்துக் கழுத்தைத் தடவுவேன். கட்டி கைக்குத் தட்டுப்படாது. அது இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

என்னிடம் படித்த ஊர்காவற்றுறைப் பிள்ளை ஒருவர் இப்போது டொக்டர். விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தார். அறிக்கைகளை எல்லாம் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு போனேன். அவர் ஒவ்வொன்றாகத் திகதி வரிசையில் அடுக்கி வாசித்தார். வாசித்து முடித்து, "ரீச்சர், நீங்கள் விழாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டி இப்ப எங்கே இருந்திருக்கும்?" என்று கேட்டார்.

"இங்கேதான் இருந்திருக்கும்" என்றேன்.

"எவ்வளவு காலமாக இருக்குது என்று நினைக்கிறீங்கள்?"

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது என்றார். எங்கள் தீவுகளைச் சுற்றிய கடல் ஆழமில்லாதது. கடல் வற்றும்போது கல்லுகள் தலை காட்டும். அவை அன்றைக்கு முளைத்த கல்லுகள் அல்ல. "ஸ்கான் என்றது கடலை வற்ற வைக்கிற மாதிரி, ரீச்சர். எல்லாரின்ர கடலையும் வற்ற வைச்சால் எத்தனை கல்லுத் தெரியும் என்று எண்ணிப் பார்த்திருக்கிறாங்கள்" என்று தொடங்கினார்.

அவர் சொன்னவற்றை நான் அன்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். பிறகு மகனிடம் சொல்லி அவற்றுக்குரிய கட்டுரைகளையும் எடுப்பித்துச் சரிபார்த்தேன். என்னைப்போல ஒரு கடைசி வரியைக் கையில் வைத்துக்கொண்டு நித்திரையின்றி இருப்பவர்கள் இதை வாசிக்கக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வேறு காரணத்துக்காக எடுக்கப்படும் கழுத்து, நெஞ்சுச் சீ.டீ. படங்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்குத் தைரொயிட் கட்டி தெரிகிறது. அல்ட்ரா சவுண்ட் இன்னும் நுணுக்கமானது. அதில் நடுவயதைத் தாண்டிய பெண்களில் பாதிப்பேருக்காவது ஏதோ ஒன்று தெரியும். இந்தக் கட்டிகளில் பத்துக்கு ஒன்பது புற்றுநோய் அல்ல. மீதியில் பெரும்பாலானவை பப்பிலரி வகை. அது மெதுவாக நகர்வது, பலரில் நகராமலே இருப்பது. பின்லாந்தில் வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைரொயிட் சுரப்பிகளை மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்த்தார்கள். 1985இல் அந்த ஆய்வு வெளிவந்தது. 36 பேரில் சிறிய பப்பிலரிப் புற்று இருந்தது. அது இருப்பதை அறியாமலே அவர்கள் வாழ்ந்து, அறியாமலே போய்விட்டார்கள்.

எல்லாரின் கடலையும் வற்ற வைத்துப் பார்த்த நாடு தென்கொரியா. 1999இல் அங்கே தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைரொயிட் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்களுக்குச் சிறிய மேலதிகக் கட்டணத்தில் கழுத்தையும் பார்த்துவிடலாம் என்று ஆஸ்பத்திரிகள் சொல்ல, எல்லாரும் பார்த்தார்கள். 2011இல் தைரொயிட் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்ட வீதம் 1993இல் இருந்ததைப் போலப் பதினைந்து மடங்கு. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 40,000 பேருக்கு மேல். ஆனால் அந்தப் புற்றுநோயால் வருடத்துக்கு இறந்தவர்களின் தொகை 300க்கும் 400க்கும் இடையில். அது கூடவுமில்லை, குறையவுமில்லை. கண்டுபிடிக்கப்பட்டவர்களில் அநேகமாக எல்லோரும் வெட்டப்பட்டார்கள். அப்படி வெட்டப்பட்ட நூறு பேரில் பதினொரு பேருக்குக் கல்சியத்தைக் காக்கும் சிறு சுரப்பிகள் பழுதாயின. இரண்டு பேருக்குக் குரல் நாணின் அசைவு போனது. தைரொயிட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டுதான் குரலுக்கான நரம்பும் அரிசி மணி அளவான அந்த நான்கு சுரப்பிகளும் இருக்கின்றன. 2014இல் அந்நாட்டு மருத்துவர்கள் சிலரே வெளிப்படையாகக் கடிதம் எழுதி, நோய்க்குறி இல்லாதவர்களின் கழுத்தைத் தேடிப் பார்ப்பதை நிறுத்துங்கள் என்றார்கள். ஒரு வருடத்துக்குள் சத்திரசிகிச்சைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

யப்பானில் கோபே நகரத்துக் குமா ஆஸ்பத்திரியில் வேறு விதமாகச் செய்தார்கள். அகிரா மியாவுச்சி என்ற மருத்துவரின் யோசனைப்படி 1993இல் இருந்து, ஒரு சென்ரிமீற்றருக்கு உட்பட்ட, ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லாத பப்பிலரிப் புற்றுநோயாளர்களிடம், வெட்டாமல் வருடாவருடம் பார்த்துக்கொண்டிருக்க விருப்பமா என்று கேட்டார்கள். விரும்பியவர்களைப் பின்தொடர்ந்தார்கள். 1,235 பேரைப் பற்றிய அறிக்கை 2014இல் வந்தது. பத்து வருடத்தில் நூறு பேரில் எட்டுப் பேரளவில்தான் கட்டி 3 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ வளர்ந்தது. நான்கு பேரளவில் கழுத்து நிணநீர்க் கணுக்களில் தெரிந்தது. அப்படித் தெரிந்தவர்களுக்குப் பிறகு வெட்டினார்கள். ஒருவரும் அந்தப் புற்றுநோயால் இறக்கவில்லை. மிகக் குறைவாக வளர்ந்தது 60 வயது தாண்டியவர்களில். எனக்கு அப்போது 60 முடிந்திருந்தது.

"உங்களுடையது புற்று என்று உறுதியாகவும் இல்லை" என்றார் அவர். அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 35 வயதுக்கு மேற்பட்ட ஒருவரின் சீ.டீ. படத்தில் தற்செயலாகத் தெரியும் கட்டி 15 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்து, சுற்றியுள்ள இடங்களில் சந்தேகமான அடையாளம் எதுவும் இல்லாவிட்டால், அல்ட்ரா சவுண்டே அவசியமில்லை. இளவயதினருக்கு அந்த எல்லை 10 மில்லிமீற்றர். அதே கல்லூரியின் 2017 அல்ட்ரா சவுண்ட் மதிப்பீட்டில் என் கட்டி நான்காம் தரம். அந்தத் தரத்துக்கு ஊசி குத்துவதும் 15 மில்லிமீற்றருக்குப் பிறகுதான். அதற்குக் கீழே, 10க்கு மேலே என்றால் இடையிடையே பார்த்தால் போதும். "ஒவ்வொரு படியிலும் ஒரு படி கூட ஏறியிருக்கிறீங்கள், ரீச்சர். பயத்தில ஏறினது. யாரையும் குறை சொல்ல ஏலாது."

அவர் இன்னொன்றையும் வலியுறுத்திச் சொன்னார். எல்லாக் கட்டியும் ஒன்றல்ல. கிழமைக் கணக்கில் பெருக்கும் கட்டி, காரணமின்றிக் கரகரத்து மூன்று கிழமையாகியும் மாறாத குரல், விழுங்கக் கஷ்டம், கழுத்தில் வேறு இடத்தில் கட்டிகள், சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்ச் சிகிச்சை, குடும்பத்தில் தைரொயிட் புற்றுநோய், பெற் ஸ்கானில் தைரொயிட்டின் ஓரிடம் மட்டும் ஒளிர்வது - இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக்கூடாது. பெற் ஸ்கானில் அப்படி ஒளிர்கிற கட்டிகளில் மூன்றில் ஒன்று புற்றாக இருக்கும்.

மாறாத கரகரப்பு என்று அவர் சொன்னதும் எனக்கு நெடுந்தீவுப் பெண்மணி ஒருவரின் முகம் வந்தது. அந்த முகத்தை இதற்குமுன் நான் எங்கும் எழுதியதில்லை.

அவருடைய மகன் வேலணையில் உறவினர் வீட்டில் நின்று என் வகுப்பில் படித்தான். தகப்பன் கடலில் போனவர். தாய் தவணைக்கு ஒருமுறை மகனைப் பார்க்க வருவார். நெடுந்தீவில் இருந்து காலையில் குமுதினியில் ஏறினால் குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேரம், பிறகு பஸ். வரும்போது எனக்குப் பனங்கட்டி கொண்டுவருவார். கழுத்தில் தேசிக்காய் அளவில் ஒரு கட்டி. ஒருநாள் நான் அதைப் பார்ப்பதைக் கண்டுவிட்டு, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "கழலைதானே ரீச்சர், எங்கட அம்மாவுக்கும் இருந்தது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கழலை என்றால் தெற்கே மழை கூடிய பக்கத்துச் சனத்துக்கு வருவது, கடல் மீன் தின்கிற எங்களுக்கு என்ன என்றுதான் நானும் கேள்விப்பட்டிருந்தேன். 1995இல் இருந்து உப்பிலும் அயடீன் சேர்க்கிறார்கள். ஆகவே பயமில்லை என்று நினைத்தேன். அயடீன் குறைவால் வரும் வீக்கத்துக்குத்தான் அந்தக் கணக்குப் பொருந்தும், கட்டிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பது தெரியாது. இரண்டு வருடம் அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டு, பிள்ளையின் கணக்குப் புள்ளியைப் பற்றி மட்டும் கதைத்து அனுப்பினேன்.

2014இல் அவர் வந்தபோது குரல் அடைத்திருந்தது. தடிமன் என்றார். அடுத்த தவணையிலும் அதே குரல். தண்ணீர் குடித்தால் புரைக்கேறியது. அப்போதுதான் நான் பயந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அதற்கு முந்திய வருடந்தான் திறக்கப்பட்டிருந்தது. அதற்காக 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்து காசு சேர்த்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். அவருடைய கட்டி சுரப்பியைத் தாண்டி நரம்பில் பிடித்திருந்தது. கழுத்துக் கணுக்களிலும் இருந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள். கதிரியக்க அயடீன் சிகிச்சைக்குத் தெற்கே போய் வந்தார். உயிருக்கு இப்போது ஆபத்தில்லை. பனையோலைப் பெட்டி இழைக்கிறார், மகன் வேலைக்குப் போகிறான். குரல் மட்டும் திரும்பவில்லை. அதை எடுத்தது கத்தியல்ல, நோயே எடுத்துவிட்டிருந்தது.

டொக்டரின் வீட்டு விறாந்தையில் இருந்து இதைச் சொன்னபோது என் கண் கலங்கிவிட்டது. யாருமே காணாத என் 11 மில்லிமீற்றருக்கு ஒரு சீ.டீ., ஒரு அல்ட்ரா சவுண்ட், இரண்டு ஊசி, கொழும்புக்கு மூன்று பயணம், டொரொன்டோவில் ஒரு பிள்ளையின் நித்திரை. எல்லாரும் கண்ட அந்தத் தேசிக்காய் அளவுக் கட்டிக்கு இரண்டு வருடமாக ஒருவருடைய கைவிரல்கூடப் படவில்லை. நெடுந்தீவில் சீ.டீ. ஸ்கான் இல்லை என்பது உண்மை. ஆனால் அவருக்கு முதலில் தேவைப்பட்டது சீ.டீ. ஸ்கான் அல்ல. "அக்கா, இதைக் காட்டினீங்களோ?" என்று கேட்க ஒரு வாய் தேவைப்பட்டது. அந்த வாய் எனக்கு இருந்தது.

தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் இருப்பது தைரொயிட். 2001க்கும் 2010க்கும் இடையில் அதன் வீதம் இரு மடங்குக்கு மேல் கூடியது. அதில் எவ்வளவு உண்மையான கூடுதல், எவ்வளவு தேடியதால் தெரிய வந்தது என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். எனக்கு அந்த எண்ணிக்கைக்குள் ராத்தாவும் தெரிகிறார், நெடுந்தீவுப் பெண்மணியும் தெரிகிறார். பதிவேட்டில் இருவரும் ஒரே பெயர் கொண்ட நோயாளிகள்.

ராத்தாவிடம் இதை எல்லாம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. கோபேயில் என்றால் உங்களை வெட்டாமலும் விட்டிருக்கலாம் என்று எப்படிச் சொல்வது? அது சரிதான் என்றும் எனக்கு நிச்சயமில்லை. நூறில் எட்டுப் பேரில் அவர் ஒருவராக இருந்திருக்கவும் கூடும். வெட்டிய பிறகு அதை அறிய வழியே இல்லை. டொக்டர் சொன்னார், வெட்டப்பட்ட ஒவ்வொருவரும் தான் காப்பாற்றப்பட்டதாகவே நம்புவார்கள், மற்றவர்களுக்கும் அதையே சொல்வார்கள், அப்படித்தான் கொரியாவில் பரவியது என்று. அது சரி. ஆனால் அந்த நம்பிக்கை ராத்தாவுடையது. குரலைக் கொடுத்து வாங்கியது. அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை.

சத்திரசிகிச்சைத் திகதியை நான் இரத்துச் செய்யவில்லை, பிற்போட்டேன். டொக்டரும் அதைத்தான் சொன்னார். "வெட்டுறதும் பிழையில்லை, பொறுத்துப் பார்க்கிறதும் பிழையில்லை. ஆனால் பொறுத்துப் பார்க்கிறது என்றால் பார்க்க வேணும். மறக்கிறது வேற." அவர் அனுப்பிவைத்த ஓமோன் நிபுணர் படங்களை மறுபடி பார்த்தார். ஓரங்கள் ஒழுங்காக இருக்கின்றன, கணுக்கள் இல்லை, சுரப்பியின் பின்புறத்தில் நரம்புக்குக் கிட்டவும் இல்லை என்றார். ஆறு மாதத்தில் ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை அல்ட்ரா சவுண்ட் என்று முடிவானது. மகனுக்கு நீண்ட நேரம் விளங்கப்படுத்தினேன். "உம்மா, தவக்குல் என்று சொல்லிப்போட்டுச் சும்மா இருக்கப் போறீங்களோ?" என்று கோபித்தான். சும்மா இருப்பது என்றால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் நாள் வரும்வரை பயப்படாமலும், நாள் வந்ததும் தவறாமலும் இருப்பது சும்மா இருப்பதல்ல. முதல் ஆறு மாதமும் தொண்டை அடைக்கும் ஒவ்வொரு தடிமனிலும் நான் கட்டியைத்தான் நினைத்தேன்.

2023 கடைசியில் பார்த்தார்கள். 11 மில்லிமீற்றர். 2024இல் 11. 2025இல் 12 என்று வந்தது. அன்று இரவு மீண்டும் கழுத்தைத் தடவினேன். ஒரு மில்லிமீற்றர் என்பது அளப்பவரின் கை வித்தியாசத்துக்குள் அடங்கும், 3 மில்லிமீற்றர் வளர்ந்தால்தான் வளர்ச்சி என்று எடுப்போம் என்றார் நிபுணர். சத்திரசிகிச்சை இன்னும் பிற்போட்டபடியே இருக்கிறது. ஒருநாள் அது தேவைப்படலாம். அப்போது போவேன்.

அந்த மூன்றாவது ஸ்கானுக்குப் பிறகு நயினாதீவு ரீச்சரைப் பார்க்க மறுபடி போனேன். திரும்பி வந்து குறிகட்டுவானில் இறங்கியபோது நெடுந்தீவுப் படகுக்கு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். சாமான் மூட்டையோடு ஒரு பெண்பிள்ளை, முப்பது வயது இருக்கும். மூட்டையைத் தூக்க நிமிர்ந்தபோது கழுத்தில் ஒரு மேடு தெரிந்தது. விழுங்கும்போது அது மேலே போய்க் கீழே வந்தது. எனக்கு அவரைத் தெரியாது. என்ன நினைப்பாரோ என்ற கூச்சம் ஒரு நிமிடம் என்னை நிறுத்தியது. பிறகு கிட்டப் போனேன்.

"பிள்ளை, கோவிக்காதீங்கோ. கழுத்தில இருக்கிறதை ஆரிட்டையும் காட்டினீங்களோ?"

அவர் முந்தானையை இழுத்தார். பிறகு, "இல்லை அம்மா. காட்ட வேணுமோ?" என்று கேட்டார்.

படகு புறப்பட இன்னும் நேரம் இருந்தது. அவருடைய மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.